தையலுக்கு விட்ட அரை அங்குலம்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் அத்தையை விட்டு வந்தபோது அவள் விரல்களில் கோந்து காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. ஏழு நாளாகியும் அது போனபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் கழுவும்போது கன்னத்தில் ஏதோ சுருக்கென்று கீறியது. பார்த்தால் மோதிர விரலில் ஒரு துண்டு வெள்ளித் தகடு. மாத்திரை அட்டையிலிருந்து உரித்தது. பொம்மை வீட்டின் குளியலறைக்குக் கண்ணாடி ஒட்டியதில் மிச்சம்.

இன்றைக்கு ஒரு நாள்தான் என்று சொல்லிக்கொண்டு அதைப் பிய்த்துப் போட்டாள்.

தம்பி மகள் 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. துணி ஆல்டர் செய்யும் கடையில் முதலாளி கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். முப்பது வருடமாக மற்றவர்களுடைய துணியில் இடுப்பைப் பிடித்தும் விட்டும் கொடுத்துக்கொண்டிருப்பவள். தனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை. அமையாததைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் மனைவிக்கு வேறு ஊரில், கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை கிடைத்தது. அவன் வரமாட்டேன் என்றான். அவள் போகாமல் இருக்கமாட்டேன் என்றாள். நடுவில் நின்ற ஏழு வயதுப் பெண்ணைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அத்தையிடம் விட்டுப் போனாள். கொஞ்ச நாள் எட்டு மாதமாக வளர்ந்ததைத்தான் இதுவரை பார்த்தோம்.

அந்தப் பெண்ணை வீட்டில் பொடிசு என்பார்கள். இன்று மூன்று மணிக்கு அதன் அம்மா வருகிறாள். ஆறரை மணி பஸ்ஸில் பள்ளிக்கூட லீவுக்குக் கூட்டிப்போகிறாள்.

இரண்டு மாத லீவு. அத்தை ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் டப்பா கட்ட வேண்டாம். தலை பின்னுவதற்குப் பின்னாலேயே ஓட வேண்டாம். கடையிலிருந்து வந்ததும் வீங்கின காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்காமல், சும்மா உட்காரலாம். நினைக்க நினைக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

தம்பி ஒன்பது மணிக்கே டூட்டிக்குக் கிளம்பினான். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் காபியைக் குடித்து மூடிக்கொண்டான். ரெண்டு மணிக்கு வந்துடறேன்க்கா என்று படியிறங்கிப் போனான். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவன், தன் தொண்டையில் நிற்கிற ஒரு வார்த்தையை இறக்கத் தெரியாதவன்.

*

பொம்மை வீடு கூடத்தில் சாப்பாட்டு மேஜை மேல் இருந்தது. ஒரு மாதமாக அவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அது ஆரம்பித்தது ஒரு தீப்பெட்டியில். அம்மாவோடு போனில் பேசிவிட்டுப் பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். என்ன செய்வதென்று தெரியாமல் அத்தை மூன்று காலித் தீப்பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மணி தைத்து, இழுத்தால் வருகிற அலமாரி செய்து கொடுத்தாள். பொடிசு மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, இதுக்கு ரூம் எங்கே என்று கேட்டது. கேட்ட அந்தக் கேள்வியில் விழுந்தவள்தான் அத்தை. இன்னும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் வீட்டில் எதையும் குப்பையில் போட முடியவில்லை. பற்பசை மூடி வாளியானது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மெத்தையானது. ஐஸ் குச்சிகள் கட்டிலாயின. அத்தையின் தையல் டப்பாவும் தப்பவில்லை. நான்கு பிரஸ் பட்டன் அடுப்பு, ஒரு கொக்கி தண்ணீர்க் குழாய், மிஷினில் நூல் சுற்றும் பாபின் மேல் துணி சுற்றினால் முக்காலி. தம்பி தன் பங்குக்கு ஒரு பழைய லிஃப்ட் பட்டனைக் கொண்டுவந்தான். அதைக் கூரை விளக்காக மாட்டினார்கள்.

பொம்மை வீடு வேறு எதுவும் இல்லை, அவர்கள் குடியிருக்கும் இதே வீடுதான். ஒரு பக்கம் கூடமும் சமையலறையும். மறு பக்கம் இரண்டு அறை. ஒன்றில் அத்தையும் பொடிசும், இன்னொன்றில் அப்பா. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்து, பழுப்புத் தாளில் பேப்பர் கட்டிங் போட்டு, அதை அட்டையில் வைத்து வெட்டினாள். சட்டை வெட்டுகிற மாதிரிதான். வேறு எப்படி வெட்டுவது என்று அவளுக்குத் தெரியாது.

இன்று பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று. அத்தையின் தையல் மிஷின்.

நேரமில்லை, ஊரிலிருந்து வந்ததும் செய்யலாம் என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். பொடிசு அசையவில்லை.

"மிஷின் இல்லாம அது நம்ம வீடே இல்லத்தை."

ஒரு கறுப்பு ஹேர் கிளிப்பை வளைத்தாள். சக்கரத்துக்குச் சட்டைப் பட்டன். உடைந்த ஊசியின் முனையைக் கிளிப்பின் வாயில் சொருகினாள். கண் எரிந்தது. முடித்துப் பார்த்தபோது மணி ஒன்றரை. பொடிசு அதைக் கூடத்து ஜன்னலோரம், நிஜ மிஷின் இருக்கிற அதே இடத்தில் வைத்துவிட்டு, சக்கரத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தது.

இரண்டு மணி ஆயிற்று. தம்பி வரவில்லை. ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, நேராக பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லி, அத்தை பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

*

தம்பி மனைவி மூன்று மணிக்குச் சரியாக வந்தாள். இரவெல்லாம் பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்து, தோழி ஒருத்தி வீட்டில் குளித்துவிட்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விரல்களில் சின்னச் சின்ன வெட்டுக்காயம். பொடிசு ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவள் அதன் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தையைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

கையில் ஒரு மரப்பெட்டி. பொம்மை வீட்டை எடுத்துப் போவதற்கென்று, வேலை முடிந்தபின் உட்கார்ந்து அவளே அடித்தது. மூலைக்கு மூலை ஆணி. உள்ளே நான்கு பக்கமும் பட்டையாக ஃபோம். அளவு அத்தை போன மாதம் போனில் சொன்னது. நீளம் இருபத்து நாலு, அகலம் பதினெட்டு.

"கச்சிதமா இருக்கும் அண்ணி. ஒரு நூல் ஆடாது" என்றாள். அவள் வேலையில் பெருமைப்பட்டு அத்தை பார்த்தது இதுதான் முதல் தடவை.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீட்டைத் தூக்கி, பெட்டிக்குள் இறக்கினார்கள். இறங்கவில்லை. பெட்டியின் விளிம்பு மேலேயே உட்கார்ந்துகொண்டது. தம்பி மனைவி ஃபோமை அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் ஃபோமையே உரித்துப் பார்த்தாள். அப்போதும் இறங்கவில்லை.

அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள். இருபத்தைந்து. பத்தொன்பது.

அத்தை உள்ளே போய்ப் பழுப்புத் தாளை எடுத்துவந்து அளந்தாள். இருபத்து நாலு. பதினெட்டு. தாள் பொய் சொல்லவில்லை. தாளை வைத்து வெட்டிய கைதான் தன் பாட்டுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் தள்ளி வெட்டியிருக்கிறது. முப்பது வருடமாக எந்தத் துணியை வெட்டினாலும் தையலுக்கென்று அரை அங்குலம் விட்டே பழகிய கை. அட்டைக்கு எதற்குத் தையல் என்று அது யோசிக்கவில்லை.

"இப்படியும் ஒருத்தி இருப்பாளா" என்று அத்தை சிரிக்கப் பார்த்தாள்.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. அவளுடைய வேலையில் இடைவெளி என்பதே குற்றம். கால் அங்குலம் இடம் விட்டாலும் சாமான் ஆடும், ஆடினால் உடையும், உடைந்தால் யார் கட்டியது என்று பெயர் கேட்பார்கள். அத்தையின் வேலையில் இடம் விடாவிட்டால்தான் குற்றம். பிடித்துத் தைத்த துணி முதல் தடவை குனிந்ததும் கிழியும். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

"வேணும்னே பண்ணலையே அண்ணி?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல அத்தை வாயெடுத்தாள். வரவில்லை. கை செய்கிறதெல்லாம் மனசைக் கேட்டுவிட்டா செய்கிறது? அந்த வீட்டை முடிக்கவே பிடிக்காமல் அவள் வாரக்கணக்கில் இழுத்தடித்தது அவளுக்கே தெரியும்.

அதை விட்டுவிட்டு அவள் வேறு வழி சொன்னாள். வீடு இங்கேயே இருக்கட்டும். எங்கே போய்விடப் போகிறது? லீவு முடிந்து பொடிசு வந்ததும் விளையாடிக்கொள்ளட்டும்.

தம்பி மனைவி டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டுவதை நிறுத்தினாள்.

"லீவு முடிஞ்சு எங்க வர்றது அண்ணி?"

அத்தைக்குப் புரியவில்லை.

"அங்க வீடு பாத்தாச்சு. ஸ்கூல்ல சேத்தாச்சு. இவ இனிமே என்கூடதான் இருக்கப் போறா. அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

அத்தை இல்லை என்று தலையாட்டினாள்.

தம்பி மனைவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். மூன்று வாரத்துக்கு முன்பே முடிவான விஷயம். நானே அண்ணியிடம் பேசுகிறேன் என்று அவள் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். வேண்டாம், அக்காகிட்ட நான் பக்குவமா சொல்லிடறேன் என்று தடுத்தவன் அவன்தான். சொல்லிவிட்டேன், அக்கா சரின்னுட்டாங்க என்றுகூட போன வாரம் சொன்னானாம்.

"நீங்க கோபமா இருப்பீங்க, கத்துவீங்கன்னு நினைச்சேன். ஒண்ணும் கேக்கலையேன்னு எனக்கே வருத்தமா இருந்தது" என்றாள்.

அத்தைக்குக் கத்தத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. களைப்புதான் வந்தது. காலையில் ஆசைப்பட்டது முழுசாகவே கிடைத்துவிட்டது. இனிமேல் யாருக்கும் தலை பின்ன வேண்டாம், காலை நீட்டிக்கொண்டு சாகும் வரை சும்மா உட்காரலாம். அவளுக்கு அது வேண்டாம்.

"பெத்தவகூட இருக்கறதுதான் நல்லது" என்று மட்டும் சொன்னாள். அதை மனசாரத்தான் சொன்னாள்.

*

பொடிசு இதையெல்லாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"வீடு இல்லாம நான் வரமாட்டேன்" என்றது.

அதன் அம்மா ஓரங்களை அரை அரை அங்குலம் நறுக்கிவிடலாமா என்று பார்த்தாள். ஓரச் சுவர்களில்தான் ஜன்னல், குழாய், அலமாரி எல்லாம் ஒட்டியிருந்தது. நறுக்கினால் எல்லாம் போய்விடும். மடியில் வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் போகவும் முடியாது. மணி நாலரை.

அத்தை யோசித்தாள். ஆல்டர் கடையில் முக்கால்வாசி வேலை பிரிப்பதுதான். பிரிக்க முடியாத துணி என்று அவள் எதையும் திருப்பி அனுப்பியதில்லை.

நடுச்சுவரோடு வெட்டினால் வீடு இரண்டாகும். ஒரு பாதியைத் திருப்பி வைத்தால் பெட்டிக்குள் தாராளமாக இறங்கும். ஒன்று அங்கே போகட்டும், ஒன்று இங்கே இருக்கட்டும். எது போவது என்று பொடிசு சொல்லட்டும்.

பொடிசு இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது.

வெட்டுவதற்கு முன்னால் ஆடுகிற சாமான்களை எடுக்க வேண்டும். அத்தை படுக்கையறையில் கைவிட்டாள். தீப்பெட்டி அலமாரி கையில் லேசாக வந்தது. அதில் பொடிசின் துணிகளென்று விரல் அளவுச் சின்னஞ்சிறு துணிகள் இருக்கும், கடையில் விழுந்த கத்தரிப்புகளில் ஒவ்வொன்றாக அவள் தைத்தது. முதல் பெட்டியை இழுத்தாள். காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதும்.

கட்டிலுக்குக் கீழே இன்னொரு தீப்பெட்டி இருந்தது. அவள் செய்ததில்லை. ஊருக்குப் போகிற பெட்டி மாதிரி நூலால் குறுக்கே கட்டி, கம்பியில் கைப்பிடி வைத்திருந்தது. திறந்தாள். எல்லாத் துணியும் மடித்து அடுக்கியிருந்தது.

"இது எப்போ கட்டினே?"

"அப்பா பால்கனியில அம்மாகூட போன்ல பேசினாங்கள்ல, அன்னிக்கு."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அத்தைகிட்ட நானே சொல்றேன்னு அப்பா சொன்னாங்க. அதான் நான் சொல்லல."

மூன்று வாரம் இந்தச் சின்ன வாய் மூடியிருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து கோந்து தடவியிருக்கிறது. அத்தை அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வீட்டில் மூன்று பேர், தெரியாதவள் அவள் ஒருத்திதான். அந்த வயசுக்கு அது சுமக்க வேண்டிய சுமையா என்று தம்பி மேல் அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பிளேடை எடுத்து நடுச்சுவரோடு வெட்டினாள். கோணாமல் வெட்டினாள்.

படுக்கையறைப் பாதியைத்தான் பொடிசு எடுக்கும் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். அதில்தான் அதன் கட்டில் இருக்கிறது. தம்பி மனைவி அதைத் தூக்கப் போனாள்.

"அது இல்லம்மா. கூடம்."

"உன் கட்டில் இதுலதானே இருக்கு?"

"என் கட்டில் இங்கயே இருக்கட்டும். மிஷின் என்கூட வரட்டும்."

"அப்போ அங்க எங்கடி படுப்பே?"

"உன்கூட."

தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அத்தை துடைத்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டாள்.

கூடத்துப் பாதி பெட்டிக்குள் இறங்கியது. இப்போது பெட்டியில் பாதிக்கு இடம். ஆடும் அண்ணி, உடைஞ்சிடும் என்று பேக்கிங்காரி கவலைப்பட்டாள். அத்தை உள்ளே போய்க் கத்தரித் துணி மூட்டையைக் கொண்டுவந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, துண்டு துண்டாகத் திணித்து அடைத்தார்கள். ஹேர் கிளிப் மிஷினைச் சுற்றி மட்டும் பஞ்சு வைத்தார்கள். எட்டு மாதத்தில் அந்த இரண்டு பெண்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

கிளம்பும்போது தம்பி மனைவி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாசம் ஒரு தடவை நீங்க வரணும் என்றாள். பொடிசு பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டாக்ஸியில் ஏறி, ஜன்னல் வழியாக, என் கட்டில்ல தூசி விழாம பாத்துக்கத்தை என்று உத்தரவு போட்டது. வண்டி தெருமுனையில் திரும்பும் வரை அத்தை கையை இறக்கவில்லை.

*

ஏழு மணிக்கு மேல் அத்தை மிச்சப் பாதியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பொடிசு சொன்னபடி கட்டிலைத் துடைத்தாள். ஸ்பாஞ்சு மெத்தையைச் சரிசெய்தாள். வேறு வேலை இல்லாததால் அப்பாவின் அறையையும் துடைக்கலாம் என்று அந்தக் கட்டிலை நகர்த்தினாள்.

அதன் கீழேயும் ஒரு தீப்பெட்டி இருந்தது. இதற்கும் நூல் கட்டு, இதற்கும் கம்பிக் கைப்பிடி.

அத்தை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு விரல்கடை நீலத் துணி, சட்டை மாதிரி மடித்து. அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும். போன மாதம் தம்பியின் யூனிஃபார்ம் கையைச் சின்னதாக்கியபோது விழுந்த துண்டு. பொடிசுதான் கேட்டு வாங்கிக்கொண்டது.

அன்றைக்குப் பால்கனியில் பேசியது பொடிசு ஒருத்தியைப் பற்றி மட்டும் இல்லை.

சாவி திரும்பியது. தம்பி உள்ளே வந்தான். பஸ் ஏத்திவிட்டுட்டேன்க்கா, அழவே இல்ல என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அக்கா திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு செருப்பைக் கழற்ற ஆரம்பித்தான்.

அத்தை திட்டவில்லை. தீப்பெட்டியை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"உனக்கு எந்தத் தேதிக்குடா பஸ்ஸு?"

அவன் ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தான். மற்றதைக் கழற்றாமல் அப்படியே நின்றான்.